மாணவப் பருவத்து ஆய்வும் மருத்துவப் பாதையும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் நீட் தேர்வு முடிவும் வெளியாகும் நாள்களில், பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு ஒன்றாகவே இருக்கிறது. எத்தனை மதிப்பெண், எந்தக் கல்லூரி, அரசு ஒதுக்கீடா, கட்டணம் எவ்வளவு என்பனவே அப்பேச்சின் பொருள். ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பே அக்கேள்விகளைச் சார்ந்திருக்கும்போது அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இடம் கிடைத்த பின்னர் அப்பிள்ளை எவ்வாறு மருத்துவராக உருவாகிறார் என்னும் கேள்வி அங்கே எழுவது அரிது. பாடநூலில் எழுதப்படாத ஒன்றைத் தாமே தேடிப் பார்க்கும் வாய்ப்பு மாணவப் பருவத்திலேயே ஒருவருக்குக் கிட்டுமாயின், அவர் செல்லும் மருத்துவப் பாதை எவ்வாறு மாறுகிறது என்பதே இவ்வுரையின் பொருள். அதற்குச் சான்று தேடி வெகுதொலைவு அலைய வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளி ஒருவரேனும் இல்லாத குடும்பம் இன்று அரிதாகிவிட்டது. அந்நோய்க்கு மருந்து கண்ட வரலாற்றிலேயே அச்சான்று இருக்கிறது.

அவ்வரலாற்றின் முதல் ஏடு பெர்லின் நகரத்தில் 1869ஆம் ஆண்டு எழுதப்பட்டது. பவுல் லாங்கர்ஹான்ஸ் என்னும் இருபத்தொரு வயது மருத்துவ மாணவர், ருடால்ஃப் விர்ச்சோ என்னும் பேராசான் நடத்திய நோய்க்கூற்றியல் நிலையத்தில் பயின்றவர். பட்டத்திற்குரிய ஆய்வேட்டிற்காக அவர் கணையத்தை எடுத்துக்கொண்டார். கணையம் செரிமான நீரைச் சுரக்கும் உறுப்பு என்பது அக்காலத்தவர் அறிந்ததே. அதன் நுண்ணமைப்போ தெளிவாக அறியப்படாதிருந்தது. முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்த லாங்கர்ஹான்ஸ், செரிமான நீரைச் சுரக்கும் உயிரணுக்களினின்றும் வேறுபட்ட சிறு உயிரணுக் கூட்டங்கள், கடலிடையே திட்டுகள் போல ஆங்காங்கே சிதறிக் கிடப்பதைக் கண்டார். அவற்றின் வடிவத்தையும் அளவையும் அவை அமைந்திருக்கும் முறையையும் விரிவாக எழுதினார். அவை எதற்காக உள்ளன என்ற இடத்துக்கு வந்தபோது, அது தமக்குத் தெரியவில்லை என்றே எழுதி முடித்தார்.

ஓர் இளைஞர், தேர்வாளர்களின் முன் வைக்கும் ஏட்டில், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதியது சிறிய செயல் அன்று. ஏதேனும் ஒரு விளக்கத்தைப் புனைந்து வைத்திருந்தால் அவ்வேடு இன்னும் நிறைவுடையதாகத் தோன்றியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. பின்னர் அவர் பேராசிரியரானார். காசநோய் தாக்கியதால் பதவியை விட்டு மதேய்ரா தீவுக்குச் சென்று அங்கே மருத்துவத் தொழில் புரிந்தார். 1888இல், நாற்பத்தொரு வயது நிறைவதற்குச் சில நாள்கள் முன்னர் மறைந்தார். அவர் மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1893இல், பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் அத்திட்டுகளுக்கு 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்' என்று பெயர் சூட்டினார். இதற்கிடையில் 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மின்கோவ்ஸ்கி, மெரிங் ஆகிய இருவரும், கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதை நிறுவியிருந்தனர். கணையத்தில் சர்க்கரையை ஆளும் ஏதோ ஒன்று சுரக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் அதைப் பிரித்தெடுக்க முயன்ற பலரும் முப்பது ஆண்டுகளாகத் தோல்வியையே கண்டனர்.

அக்காலத்தில் இளம்பருவத்து நீரிழிவு கண்ட குழந்தைக்கு மருத்துவர் தரக்கூடியது பட்டினி ஒன்றே. உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக, இன்னும் சில மாதங்கள் உயிரை நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மேல் வழி இல்லை.

இந்நிலையில் கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1921ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சிறிய ஆய்வு தொடங்கியது. ஃபிரெடரிக் பான்டிங் இருபத்தொன்பது வயதான அறுவை மருத்துவர். தொழில் சரியாக நடைபெறாத நிலையில், கணையச் சுரப்பைப் பிரித்தெடுக்கும் எண்ணம் ஒன்று அவருக்குத் தோன்றியது. உடலியங்கியல் பேராசிரியர் மெக்லியோட் அவருக்கு ஓர் ஆய்வறையையும் சில நாய்களையும் ஒரு மாணவ உதவியாளரையும் தர இசைந்தார். உதவியாளராகத் தகுதியுடைய மாணவர் இருவர் இருந்தனர். ஒருவர் சார்லஸ் பெஸ்ட், மற்றவர் கிளார்க் நோபிள். கோடையைப் பங்கிட்டுக் கொள்வதென்றும், யார் முதலில் தொடங்குவதென்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வதென்றும் இருவரும் ஒப்பினர். பெஸ்ட் வென்றார். உடலியங்கியலும் உயிர்வேதியியலும் பயின்று இளங்கலைத் தேர்வை அப்போதுதான் முடித்திருந்தார் அவர். வயது இருபத்திரண்டு. தந்தை சிற்றூர் மருத்துவர். தந்தையின் சகோதரி ஒருவர் நீரிழிவால் இறந்ததைக் கண்ட குடும்பம் அது.

வடஅமெரிக்காவில் மருத்துவக் கல்வி, இளங்கலைப் படிப்பை அடுத்தே பெரும்பாலும் தொடங்குகிறது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே ஒரு மாணவர், மருத்துவக் கல்லூரி வாயிலை மிதிக்கும் முன்பே ஆய்வறையில் சில காலம் கழித்திருப்பது இயல்பு. இந்தியாவில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே மருத்துவக் கல்லூரி. ஆகவே இங்கே அவ்வாய்ப்பு, கல்லூரிக்குள்ளேயே தேடிப் பெற வேண்டியதாக இருக்கிறது.

பெஸ்டுக்கு ஒதுக்கப்பட்ட வேலை கவர்ச்சியானது அன்று. நாய்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையின் அளவைக் கண்டறிந்து ஏட்டில் எழுத வேண்டும். பான்டிங் அறுவையில் தேர்ந்தவர். வேதியியல் அளவீடுகளில் பழக்கம் குறைந்தவர். எனவே ஆய்வு முழுவதும் இம்மாணவரின் எண்களையே நம்பி நின்றது. அவ்வெண் பிழையானால் முடிவும் பிழையாகும். அதற்காக உயிர்விட்ட விலங்கின் சாவும் வீணாகும்.

தொடக்க வாரங்களில் நடந்ததாகப் பான்டிங் பின்னாளில் எழுதிய செய்தி ஒன்று மாணவர்கள் அறிய வேண்டியது. பெஸ்ட் சில நாள்கள் படைப்பயிற்சி முகாமுக்குச் சென்றிருந்தார். அந்நாள்களில் பான்டிங் தாமே அளவீடுகளைச் செய்து பார்த்தபோது, உதவியாளரின் கண்ணாடிக் கலங்கள் துப்புரவாக இல்லை என்றும், அளவீடுகளில் கவனக்குறைவு இருந்தது என்றும் கண்டார். திரும்பி வந்த இளைஞரைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். சினந்து வெளியேறியிருக்கக்கூடிய அவ்விளைஞர், அன்றிரவு முழுவதும் அங்கேயே தங்கிக் கலங்களைக் கழுவி, பழைய கரைசல்களைக் கொட்டிவிட்டுப் புதியவற்றைத் தயாரித்தார் என்பது அக்குறிப்பின் செய்தி. அதன்பின் அவ்விருவரிடையே நம்பிக்கை வளர்ந்தது. நோபிள் பொறுப்பேற்க வேண்டிய காலம் வந்தபோது, பெஸ்டின் கை பழகிவிட்டமையால் அவரே தொடரட்டும் என்று மூவரும் உடன்பட்டனர்.

ஆய்வகத்தில் மாணவர் கற்பது என்ன என்று கேட்பவர்களுக்கு, கலம் கழுவிய அந்த இரவை விடையாகச் சொல்லலாம். பிற்காலத்தில் மருத்துவமனையில் ஓர் ஆய்வுத் தாளைக் கையில் எடுக்கும் மருத்துவர், அதில் அச்சாகியிருக்கும் எண்ணின் பின்னே ஒரு மனிதக் கையும் ஒரு கலமும் இருந்தன என்பதை உணர்ந்தவராயின், நோயாளியின் முகத்துக்கும் தாளின் எண்ணுக்கும் பொருத்தமில்லாதபோது மீண்டும் ஒருமுறை சோதிக்கச் சொல்வார். இந்த உணர்வைச் சொற்பொழிவால் புகட்ட இயலாது.

சூலை 30ஆம் நாள், கணையம் அகற்றப்பட்ட ஒரு நாய்க்கு முதன்முறையாகக் கணையச் சாறு செலுத்தப்பட்டது. ஒரு மணி நேரத்தில் அதன் இரத்தச் சர்க்கரை 0.20 விழுக்காட்டிலிருந்து 0.12 விழுக்காடாக இறங்கியது. ஆயினும் அந்த நாய் பிழைக்கவில்லை. அடுத்த வாரங்களில் சில முயற்சிகள் பலித்தன, சில பலிக்கவில்லை. ஏட்டில் இரண்டும் எழுதப்பட்டன. பேராசிரியர் மெக்லியோட் விடுமுறை முடிந்து திரும்பியதும் அந்த எண்களை ஐயத்துடனேயே நோக்கி, சோதனைகளை மீண்டும் செய்யுமாறு பணித்தார். பான்டிங்குக்கு அது பிடிக்கவில்லை, சச்சரவு மூண்டது. ஆனால் ஐயுற்றது ஆசிரியரின் கடமை. வரலாற்றை எழுதுவோர் சிலர் மெக்லியோடைக் கொடியவராகக் காட்டுவது முறையன்று.

ஆண்டின் இறுதியில் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் குழுவில் சேர்ந்தார். 1922 சனவரி 11ஆம் நாள், டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்குப் பான்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாறு செலுத்தப்பட்டது. பயன் மிகக் குறைவு. ஊசியிட்ட இடத்தில் கட்டியும் தோன்றியது. நிறுத்திவிட்டார்கள். காலிப் அதைத் தூய்மையாக்கும் முறையைக் கண்டறிந்த பின், அம்மாதம் 23ஆம் நாள் மீண்டும் செலுத்தினார்கள். சிறுவனின் இரத்தச் சர்க்கரை 520 மில்லிகிராமிலிருந்து 120 ஆக இறங்கியது. பட்டினியால் முப்பது கிலோவுக்கும் குறைவாக மெலிந்திருந்த அச்சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

இத்துடன் பெஸ்டின் வேலை முடிந்துவிடவில்லை. மருந்தைப் பேரளவில் தயாரிக்க முற்பட்டபோது, முன்பு கைகூடிய முறை திடீரெனக் கைகூடாமற் போயிற்று. மருந்து வேண்டிக் குழந்தைகள் காத்திருக்க, மருந்து இல்லை. அந்த நெருக்கடியை நீக்கிய குழுவில் இருபத்து மூன்று வயதுப் பெஸ்டும் ஒருவர். கன்னாட் ஆய்வகத்தில் இன்சுலின் உற்பத்தியை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டே அவர் மருத்துவம் பயின்று, 1925இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உலகம் வேண்டி நின்ற மருந்தின் உரிமையைப் பான்டிங்கும் காலிப்பும் பெஸ்டும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் வழங்கப்பட்டபோது, பான்டிங் தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கும், மெக்லியோட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் அளித்தனர்.

பட்டம் பெற்ற பெஸ்ட், தந்தையைப் போல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராகவில்லை. 1929இல், முப்பது வயதில், மெக்லியோடின் இடத்தில் உடலியங்கியல் பேராசிரியராக அமர்ந்தார். மருத்துவம் பயின்றவர் அனைவரும் ஊசியும் மருந்துச்சீட்டுமாகவே வாழ வேண்டும் என்பதில்லை. ஆய்வறைக்குச் சென்ற மாணவர் சிலர் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. சிலர் 'இது எனக்குரியதன்று' என்று தெளிந்து நோயாளிகளிடம் திரும்புவதும் உண்டு. இரண்டாவது தெளிவும் பயனுடையதே. முப்பத்தைந்தாம் வயதில் உணர வேண்டியதை இருபதில் உணர்வது குடும்பத்துக்கும் நன்மை.

அவையில் உள்ளவர்களின் நெஞ்சில் இந்நேரம் ஒரு கேள்வி எழுந்திருக்கும். அதை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. இவ்வரலாறு முழுவதிலும் நாய்கள் வருகின்றன. அவற்றுக்குப் பெயருக்குப் பதில் எண்களே இருந்தன. எண் 92 எனக் குறிக்கப்பட்ட நாய், கணையம் அகற்றப்பட்ட பின்னும் சாற்றின் துணையால் இருபது நாள்கள் வாழ்ந்தது. அது இறந்தபோது, நோயாளிகள் இறக்கக் கண்டும் கலங்காத தம் கண்கள் கலங்கியதாகவும், பெஸ்ட் காணாதவாறு முகத்தை மறைத்துக் கொண்டதாகவும் பான்டிங் எழுதி வைத்தார். அதன்பின் மருந்துக்குரிய கணையங்கள் இறைச்சிக் கூடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், உலகில் செலுத்தப்பட்ட இன்சுலின் பெரும்பாலும் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே வந்தது.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் ஒருசேரப் போற்றுவது சமண நெறி. டொராண்டோவின் அந்த அறையில் மருந்துத் தானமும் அபய தானமும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. மருந்து பெற்றுப் பிழைத்த குழந்தையை நோக்கினால் ஒரு விடை தோன்றுகிறது. எண் 92ஐ நோக்கினால் வேறொரு விடை தோன்றுகிறது. இம்முரண்பாட்டை எளிய சொல்லால் தீர்த்துவிட்டதாக யாரும் கூறிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இதற்காகப் பிள்ளைகளை ஆய்வுப் பக்கமே அனுப்பாமலிருப்பது சரியான முடிவாகாது. ஏனெனில், விலங்கின் துணையின்றி மருந்து காண வேண்டும் என்ற அக்கறையுடையவர்கள் ஆய்வறைக்குள் இருந்தால்தான் அவ்வழி திறக்கும். 1959இலேயே ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், விலங்குச் சோதனைக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் நெறிகளை வகுத்து நூல் எழுதினர். அவை இன்று உலகெங்கும் ஆய்வு நெறிக்கு அடிப்படையாக உள்ளன. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதனைக் கண்காணிக்கக் குழு உண்டு.

இன்சுலின் கதையிலும் அவ்வழி திறந்தது. 1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெஸ்ட் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், மனித இன்சுலினைப் பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கும் முறை அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. 1982இல் அம்மருந்துக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது. இன்று பெரும்பாலான நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் இம்முறையில் வந்ததே. அதில் மாட்டின் கணையமும் இல்லை, பன்றியின் கணையமும் இல்லை.

இனி வேறொரு மாணவரின் கதை. ஜே மெக்லீன் கலிபோர்னியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1906ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஒட்டி எழுந்த தீயில் குடும்பத்தின் வீடும் அழிந்தது. மாற்றாந்தந்தை படிப்புக்கு உதவ மறுத்ததால், சுரங்கத்திலும் பிற இடங்களிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் பயின்றார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி முதலில் இடமில்லை என்று மறுத்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் 1915இல் பால்டிமோர் நகரத்துக்குச் சென்று சேர்ந்தார். எதிர்பாராது ஓர் இடம் காலியாக இருந்தது. ஓராண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்று உடலியங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹோவெலை அணுகினார்.

இரத்தத்தை உறையச் செய்யும் பொருளொன்றை மூளைத் திசுவிலிருந்து பிரித்துத் தூய்மையாக்குவதே ஹோவெல் தந்த வேலை. மெக்லீன் அத்துடன் நில்லாமல் இதயம், கல்லீரல் ஆகியவற்றிலிருந்தும் அத்தகைய சாறுகளை எடுத்துப் பார்த்தார். கல்லீரலிலிருந்து எடுத்த சாறு நாள்பட நாள்பட உறையச் செய்யும் ஆற்றலை இழந்தது. பின்னர் இரத்தம் உறைவதைத் தடுக்கவே தொடங்கியது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது இது. கலம் அழுக்கு என்றோ சாறு கெட்டுவிட்டது என்றோ எண்ணிக் கொட்டிவிடுவது பெரும்பாலோர் செய்யக்கூடியது. அவர் கொட்டவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார். பேராசிரியர் நம்பவில்லை. ஒரு கலத்தில் பூனையின் இரத்தத்தை எடுத்து, அதில் அச்சாற்றைக் கலந்து ஹோவெலின் மேசைமேல் வைத்து, உறையும்போது சொல்லுமாறு கேட்டுக்கொண்டதாக மெக்லீன் பின்னர் எழுதினார். அந்த இரத்தம் உறையவே இல்லை. 1916இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். 1918இல் ஹோவெல் அத்தகைய பொருளுக்கு ஹெபாரின் என்று பெயரிட்டார். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. கண்டுபிடித்த பெருமை ஆசிரியருக்கா மாணவருக்கா என்ற வழக்கு பின்னர் நெடுநாள் நடந்தது. மெக்லீன் அறுவை மருத்துவரானார்.

ஹெபாரினை நோயாளிக்குச் செலுத்தத்தக்க தூய்மையுடையதாக ஆக்கும் பணி 1930களில் டொராண்டோவில் நடைபெற்றது. அதை முன்னின்று நடத்தியவர் முன்னாள் உதவியாளரான பெஸ்ட். இன்று இதய அறுவையும் சிறுநீரகத் தூய்மிப்பும் இம்மருந்தின்றி நடைபெறுவது கடினம். அம்மருந்து இன்றும் பன்றியின் குடலிலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முற்றிலும் வேதியியல் முறையில் உருவான ஃபொண்டாபேரினக்ஸ் போன்ற மருந்துகள் சில நிலைகளில் பயன்படுகின்றன. எல்லா நிலைகளிலும் அவை ஈடாவதில்லை. இன்சுலினுக்குத் திறந்த வழி ஹெபாரினுக்கு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. இக்குறையை நீக்கும் ஆய்வில் இச்சமுதாயத்துப் பிள்ளை ஒருவர் ஈடுபடுவாராயின் அதனினும் சிறந்த தொண்டு அரிது.

இனி இந்நாட்டு மாணவருக்குள்ள வாய்ப்புகளைப் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979ஆம் ஆண்டு முதல், இளநிலை மருத்துவ மாணவர்களுக்கெனக் குறுங்கால ஆய்வு உதவித்திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. மாணவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும். அது ஏற்கப்பட்டால் இரண்டு மாத ஆய்வு, பின்னர் அறிக்கை, அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும். அறிவியல் பாடம் பயில்வோருக்கு, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை உண்டு. மருத்துவ இடம் கிடைக்காமல் உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ பயிலும் பிள்ளைகளை 'தவறவிட்டவர்' என்று இரங்குவோர், 1921இல் பெஸ்ட் கையில் வைத்திருந்தது உடலியங்கியலும் உயிர்வேதியியலும் பயின்ற இளங்கலைப் பட்டமே என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இத்திட்டங்களில் ஒரு கேடும் புகுந்திருக்கிறது. சான்றிதழ் ஒன்றே இலக்காக, யாரோ தொகுத்த புள்ளிகளில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் மாணவர் உண்டு. அதற்குத் துணைபோகும் பெரியவர்களும் உண்டு. அவ்வாறு பெற்ற தாள் சுவரில் தொங்கும். கைக்கு ஒன்றும் வராது. எதிர்பார்த்த முடிவு கிடைக்கவில்லை என்பதால் எண்களைச் சற்றே 'சரிசெய்யும்' பழக்கமோ இன்னும் தீயது. இருபது வயதில் ஆய்வேட்டில் ஓர் எண்ணை மாற்றிய கை, நாற்பது வயதில் நோயாளியின் குறிப்பேட்டில் மாற்றத் தயங்காது. ஆகவே பிள்ளை ஆய்வு செய்கிறது என்றால் பெற்றோர் கேட்க வேண்டியது 'எந்த இதழில் வெளியாகும்?' என்பதன்று. 'நீ கண்டது என்ன? எதிர்பார்த்தபடி இருந்ததா?' என்று கேட்கலாம். இல்லை என்று பிள்ளை கூறினால், மகிழ்ந்து மேலும் கேட்கலாம்.

விலங்குச் சோதனையில் மனம் ஒப்பாத மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் முடிக்கத்தக்க ஆய்வுகளுட் பல, மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டும், நோயாளிகளிடம் வினவியும், வழக்கமாக எடுக்கப்படும் மாதிரிகளை ஆராய்ந்தும் செய்யத்தக்கவையே. நீரிழிவு நோயாளிகள் காலைப் பேணுகிறார்களா, இன்சுலினை வெயிற்காலத்தில் எங்கே வைக்கிறார்கள், மருந்தை இடையில் ஏன் நிறுத்துகிறார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு நுண்ணோக்கியும் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆய்வுக்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு நோயாளியும், தமக்குப் புரியும் மொழியில் எழுதிய படிவத்தைப் படித்தோ கேட்டோ இசைவு தர வேண்டும்.

அந்த இசைவுப் படிவத்தின் பயிற்சியே தனிப் பாடம். அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசையில், காலையில் உண்ணாமல் வந்து நிற்கும் முதியவர் ஒருவரிடம், 'ஐயா, இது உங்கள் சிகிச்சைக்காக அன்று; ஆய்வுக்காக. விருப்பம் இல்லையென்றால் மறுக்கலாம். மறுத்தால் உங்கள் மருத்துவத்தில் எந்தக் குறையும் வராது' என்று தெளிந்த தமிழில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் மறுத்தால் நன்றி கூறி அடுத்தவரிடம் செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பயின்ற நோயின் பெயர்களைத் தாய்மொழியில் எடுத்துரைக்க முடியாமல் மாணவர் திணறுவது அப்போதுதான் அவருக்கே தெரிய வருகிறது. நோயாளியின் மறுப்பை மதிக்கக் கற்ற மாணவர், பின்னர் அறுவைக்கு இசைவு பெறும்போது தாளை நீட்டிக் கையொப்பமிடும் இடத்தை மட்டும் காட்டுபவராக இருக்கமாட்டார்.

வழிகாட்டியைத் தேர்வதில் ஒரு சொல். புகழ்பெற்ற பேராசிரியரைவிட, வாரம் ஒருமுறையேனும் மாணவருடன் அமர்ந்து ஏட்டைப் பார்ப்பவரே மேல். பெஸ்டைக் கடிந்த பான்டிங் அப்போது புகழ் பெற்றவர் அல்லர். ஆனால் கலம் அழுக்காக இருந்ததைக் கவனிக்கும் அளவுக்கு அருகில் இருந்தார்.

நாணயச் சுண்டலில் தோற்ற கிளார்க் நோபிள் என்ன ஆனார் என்று கேட்கத் தோன்றும். அவரும் பின்னர் டொராண்டோவின் இன்சுலின் ஆய்வுகளில் பங்குபெற்றார்; மருத்துவரானார். 1952ஆம் ஆண்டு, ஜமைக்காவிலிருந்து அவருக்கு ஓர் உறை வந்தது. அதனுள் இருபத்தைந்து இலைகள். இன்சுலின் கிடைக்காதபோது அங்குள்ள மக்கள் அவ்விலையைக் கொதிக்க வைத்து நீரிழிவுக்குக் குடிக்கிறார்கள் என்பது செய்தி. கிளார்க் அவ்விலைகளை, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்தன. அவர் அதையே தொடர்ந்தார். வேதியியலாளர் சார்லஸ் பியருடன் சேர்ந்து 1958இல் அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின், ஹாட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. அதே செடியிலிருந்து பிறர் கண்ட வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் இன்றும் இடம்பெறுகிறது.

அச்செடி, தமிழ்நாட்டில் வீட்டு முற்றங்களிலும் வரப்போரங்களிலும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி. அம்மருந்துகளுக்கு வேண்டிய மூலப்பொருள் இன்னமும் அதன் இலையிலிருந்தே எடுக்கப்படுகிறது.